பேசாமல் இருப்பது வைத்தியமல்ல

தம்பதி ஆலோசனைக்கு வருகிறவர்கள் சண்டை தொடங்கியதும் வருவதில்லை; சண்டைகூட ஓய்ந்த பிறகுதான் வருகிறார்கள். “அம்மாகிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு” என்று ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பிள்ளையைத் தூது விடும் கட்டம் அது. அதற்குள் கைவைத்தியங்கள் எல்லாம் முடிந்திருக்கும்: வாரக்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பது, வாட்ஸ்அப்பில் பிளாக் செய்வது, யாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குவது.

‘ரெண்டு நாள் விட்டா சரியாயிடும்’

ஆகாது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் படம்பிடித்து, இதயத் துடிப்பையும் அளந்து பார்த்தவர். உறவை அரிப்பவை என்று அவர் நான்கு பழக்கங்களைச் சொன்னார்: ஆளையே குறைசொல்வது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் சாக்குச் சொல்வது, வாயை மூடிக்கொண்டு சுவராக நிற்பது. நான்காவதற்கு நம் வீடுகளில் ‘பொறுமைசாலி’ என்று பட்டம் வேறு. அந்தப் பொறுமைசாலியின் இதயம் நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி அடித்துக்கொண்டிருக்கலாம். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளங்களை உண்டாக்கிக் கவனித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறுப்போடு பேசிக்கொண்ட தம்பதிகளுக்குப் புண் ஆறவே தாமதமானது.

‘பேசினால்தானே சண்டை?’

பாதி சரி. படபடப்பு ஏறியிருக்கும்போது பேசி ஒரு பலனும் இல்லை. அடங்க 20 நிமிடமாவது வேண்டும். ஆனால், “இப்ப முடியல, சாப்பிட்டதும் பேசலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து, சொன்னபடி திரும்பி வருவது வேறு. கதவை அறைந்துவிட்டுப் போவது வேறு. கடனும் குடியும் கெடுத்த உறவுக்குப் பேச்சு என்ன செய்யும் என்ற கேள்வியும் நியாயமானதே. லாஸ் ஏஞ்சலிஸில் வருமானம் குறைந்த புதுத் தம்பதிகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று, பேச்சு உறவைக் கெடுப்பது போலவே, கெட்ட உறவு பேச்சையும் கெடுக்கிறது என்றது. அப்படியே இருக்கட்டும். கடனை இன்றிரவே அடைக்க முடியாது. “உனக்கு எப்பவுமே இதே புத்திதான்” என்பதை இன்றிரவே நிறுத்தலாம். அடிக்குப் பயந்து வாய் மூடியிருப்பவரிடம் மட்டும் ‘மனம்விட்டுப் பேசு’ என்று யாரும் உபதேசம் செய்ய வேண்டாம். அவருக்கு வேண்டியது 181 என்ற மகளிர் உதவி எண்.

முதல் வாக்கியம்

எரிச்சலும் தூக்கமின்மையும் நீடித்தால் தைராய்டு, மனச்சோர்வு இரண்டையும் பார்த்துவிடுவோம். மற்றபடி கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். தொடங்கும் வாக்கியத்தையாவது மாற்றுங்கள். வாக்குவாதத்தின் முதல் மூன்று நிமிடங்கள் போகிற விதத்தை வைத்தே எந்தத் தம்பதிகள் பிரியக்கூடும் என்று கணிக்க முடிந்ததாகக் காட்மன் குழு 1999-இல் எழுதியது. “நீ ஏன் போன் எடுக்கல?” என்பதை “போன் எடுக்கலன்னதும் பயந்துட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் வாய் வரவில்லையா? தயவுசெய்து மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை அது, கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.