தோப்பூர் மருத்துவமனையும் சயாம் ரயில் பாதையும்

மதுரை தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரி 27-இல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 1,978 கோடி ரூபாய்த் திட்டம் இது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் தரும் கடன். ஜைக்கா என்ற பெயர் மதுரைப் பக்கமெல்லாம் இன்று பழகிப்போன ஒன்று. ஜப்பான் உலகிலேயே முதன்முதலாக யென் கடன் கொடுத்ததும் 1958-இல் இந்தியாவுக்குத்தான். இந்த நட்பு உண்மையானது, பயனுள்ளது. ஆனால் தமிழருக்கும் ஜப்பானுக்கும் இடையே இதைவிட மூத்த கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் சயாம் (இன்றைய தாய்லாந்து) - பர்மா ரயில் பாதை போடப் பிடித்துச் செல்லப்பட்டு, ஊர் திரும்பாமலே போன மலாயாத் தோட்டத் தொழிலாளரின் கணக்கு அது. அவர்களை நினைவில் வைப்பது ஜப்பானோடு பகை வளர்ப்பதாகாது. அந்த வேலையை முதலில் தொடங்க வேண்டியவர்களும் நாம்தான்.

மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் கங்காணிகளை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டினார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டத்தில் வேலை இல்லை, அரிசியும் இல்லை. அதே ஆண்டு ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் தோற்றது. பர்மாவில் நின்ற தன் படைக்குக் கடல்வழியே சரக்கு அனுப்புவது அதற்கு ஆபத்தாகிவிட்டது. ஆகவே தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, காட்டையும் மலையையும் அறுத்து 415 கிலோமீட்டர் பாதை போட முடிவெடுத்தார்கள். 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. வெள்ளையர் காலத்துப் பொறியாளர்கள் ஏற்கெனவே ஆராய்ந்து, வேண்டாமென்று கைவிட்ட வழி அது.

இவ்வளவு விரைவு எங்கிருந்து வந்தது? மனித உடல்களிலிருந்து வந்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள், அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி இருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் போனார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர். முதலில் நாள் கூலி ஒரு வெள்ளி (மலாயா டாலர்), சில மாத வேலைதான் என்று ஆசை காட்டினார்கள். போனவர் திரும்பாத செய்தி பரவியதும் லாரியை நிறுத்தி ஆள் பிடித்தார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களுக்குள் வாந்திபேதி புகுந்தது. கைதிகளிடம் ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் ஒழுங்கு இருந்தது, அதிகாரியிடம் வாதாட ஒரு தலைமை இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரையின் கீழ், சிலர் மனைவி மக்களோடு கிடந்த தொழிலாளருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அதனால்தான் அவர்களுடைய சாவு விகிதம் கைதிகளுடையதைவிட இரு மடங்குக்கு மேல் ஏறியது. ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பலரும் ஏற்கும் கணக்கு.

செத்த பிறகும் அந்த வேறுபாடு தீரவில்லை. படைவீரனுக்கு எண் உண்டு, பதிவேடு உண்டு, தேடிவர ஓர் அரசு உண்டு. அந்தப் பாதை செல்லும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள் தனித்தனிக் கல்லோடு துயில்கிறார்கள். தோட்டத் தொழிலாளருக்கு அப்படிக் கல் இல்லை, காரணம் அவர்களுக்கு முறையான பெயர்ப்பட்டியலே இல்லை. இந்தப் பாதையை உலகப் புகழாக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற 1957-ஆம் ஆண்டுத் திரைப்படம் இலங்கையின் கித்துல்கலவில் படமாக்கப்பட்டது. தமிழர் வாழும் தீவில் எடுத்த படமாயிருந்தும் அது சொன்ன கதை வெள்ளைக்காரக் கைதிகளுடையது. ஆச்சரியமாக, ஜப்பானிய ராணுவமே 1944-இல் காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத் தூணில் தமிழிலும் எழுதிவைத்தது. யார் சாகிறார்கள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

ஜப்பான் நேதாஜிக்குத் துணை நின்ற நாடல்லவா, அதைக் குறை சொல்லலாமா என்ற கேள்வி தென்மாவட்டங்களில் உடனே எழும். நியாயமான கேள்விதான். இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சிராணிப் படையிலும் திரண்ட மலாயாத் தமிழரின் தியாகம் பெரிது. ஆனால் அந்தப் படையில் சேர்ந்தவர்களும் சயாமுக்குப் போனவர்களும் ஒரே தோட்ட லயத்துப் பிள்ளைகள். சயாமுக்குப் பிடித்துப் போவார்கள் என்ற அச்சத்தாலும் படையில் சேர்ந்தவர்கள் உண்டு. பர்மா முனைக்கு நேதாஜியின் வீரர்களைக் கொண்டுபோனதும் அந்தப் பாதைதான். ஒரு பாதிக்கு மாலை போட்டு மறுபாதியை மறைத்தால் நாம் போற்றும் வீரமும் அரைக்கதையாகிவிடும். ஜப்பானின் ஆதரவு போர்த் தேவையிலிருந்து பிறந்தது. அதே தேவைதான் தொழிலாளரையும் விழுங்கியது.

1952 ஜூன் 9-இல் கையெழுத்தான சமாதான ஒப்பந்தத்தில் இந்தியா போர் இழப்பீடு வேண்டாமென்று விட்டுக்கொடுத்துவிட்டதே என்பது அடுத்த மறுப்பு. அது பெருந்தன்மையான முடிவு, இன்றைய நட்புக்கு அடித்தளம். ஆனால் ஓர் அரசு விட்டுக்கொடுக்கக்கூடியது பணத்தைத்தான். இறந்தவரின் வரலாற்றை விட்டுக்கொடுக்கும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது. பிரிட்டிஷ் கைதிகளுக்கு, குறைவானாலும், ஆளுக்குச் சுமார் 76 பவுண்டு கிடைத்தது. 1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு இரண்டரைக் கோடி வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்கள் தந்து விவகாரத்தை முடித்தது. அதில் பால்மரம் வெட்டியவரின் விதவைக்குப் பங்கு போகவில்லை. கங்காணி முறையில் அவர்களைக் கொண்டுபோய், போர் வந்ததும் கைவிட்டுப் போன பிரிட்டனும் இந்தப் பழியிலிருந்து தப்ப முடியாது.

இதைப் பேசினால் ஜப்பானியர் மனம் புண்படும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பிரதமர் முராயமா 1995 ஆகஸ்ட் 15-இல் ஆசிய மக்களுக்கு இழைத்த துன்பத்துக்காக மன்னிப்புக் கேட்டார். காஞ்சனபுரியில் ராணுவ மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகாசே தகாஷி, போருக்குப் பின் நூறு தடவைக்கு மேல் அங்கே சென்று பரிகாரப் பணி செய்தார். அதே நாட்டில், அந்தப் பாதையில் ஓடிய ரயில் எஞ்சின் ஒன்று தோக்கியோவில் போரில் இறந்த வீரர்களுக்கான யாசுகுனி ஆலயத்தின் அருங்காட்சியகத்தில் பெருமைப் பொருளாக நிற்கிறது. ஜப்பானுக்குள்ளேயே நடக்கும் இந்த வாதத்தில் நாகாசே போன்றவர்களுக்கு வலுச் சேர்ப்பது நம் சாட்சியம்தான். நாம் வாய் மூடியிருந்தால் எதிர்த்தரப்புக்கே அது உதவும்.

சாட்சியம் அடியோடு அழிந்துவிடவில்லை. மலேசியாவில் ஆர். சண்முகம், அ. ரெங்கசாமி ஆகியோர் இதை நாவலாக எழுதியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் இந்தோனேசியாவின் மேடானில் வாழ்ந்துவிட்டு மதுரையில் பத்திரிகை வேலை பார்த்த ப. சிங்காரம், ஜப்பானியர் காலத்துத் தென்கிழக்காசியாவை நமக்கு எழுதித் தந்தார். காஞ்சனபுரியில் தமிழர்கள் அண்மையில் நடுகல்லும் எழுப்பியிருக்கிறார்கள். இனிச் செய்ய வேண்டியது பெயர்களைச் சேர்ப்பது. மதுரையில் உலகத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலாயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோன உறவினரைப் பற்றி வைகைக் கரைக் கிராமங்களில் வீடு வீடாகக் கேட்டுப் பதியலாம். மலேசிய, ஜப்பானிய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஜப்பானிய ஆய்வாளர்களையே அழைக்கலாம். சோழர் கல்வெட்டுகளுக்கு வாழ்நாளைத் தந்த நொபோரு கராஷிமாவின் நாட்டில் அப்படிப்பட்ட ஆய்வாளர் கிடைப்பார்கள். மருத்துவமனைக்குக் கடன் கேட்க நமக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆவணங்களைக் கேட்கவும் தயங்க வேண்டாம். வாங்குபவனும் கொடுப்பவனும் என்ற நிலையிலிருந்து இந்த நட்பு சமமானவர்களின் நட்பாக வளர அதுவே வழி.