எதிர்க்கட்சியையும் நாமே பேசுவது

தத்துவக் கட்டுரைப் போட்டிக்கு எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். 'நான் என்பது என்ன? ஓர் அனுபவத்துக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது?' என்பது தலைப்பு. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகப் பார்ப்போம்.

இப்படியொரு தலைப்பைக் கண்டதும் நாம் செய்வது இரண்டில் ஒன்று. நெஞ்சைத் தொட்ட சொந்தக் கதையை எழுதுவோம். இல்லையென்றால் ஞானிகளின் பொன்மொழிகளை மாலையாகக் கோப்போம். இரண்டும் படிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் தத்துவக் கட்டுரை என்பது ஒரு வழக்கு. இது என் கட்சி, இது காரணம், எதிர்க்கட்சி இப்படிக் கேட்கும், அதற்கு என் பதில் இது. அவ்வளவுதான் அதன் எலும்புக்கூடு.

முதல் வேலை, தலைப்பைச் சிறிதாக்குவது. பலாப்பழத்தை யாரும் முழுசாக விழுங்குவதில்லை. ஒரு சுளையை எடுப்போம்: 'நான் செய்யாத ஒன்று எனக்கு அர்த்தமுள்ள அனுபவமாகுமா?'

1974இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார். தொட்டியில் மிதந்தபடி, மூளையில் கம்பிகளை மாட்டிக்கொண்டால், பெரிய நாவல் எழுதும் அனுபவம் அச்சு அசலாகக் கிடைக்கும். ஆனால் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டோம். மாட்டிக்கொள்வோமா? பலர் தயங்குவோம். அந்தத் தயக்கத்திலிருந்து நம் கட்சி பிறக்கிறது: அர்த்தமுள்ள அனுபவம் என்றால் அதை நானே செய்திருக்க வேண்டும்.

இப்போது எதிர்க்கட்சி எழுந்து நிற்கிறது. 'மழையைப் பார்த்து நிற்கிறாயே, அதில் நீ என்ன செய்தாய்?' நல்ல அடி. இங்கேதான் எல்லோருக்கும் ஒரு தப்பெண்ணம்: எதிர்க்கேள்வியை எழுதினால் கட்டுரை பலவீனமாகிவிடும் என்று பயந்து ஒளித்துவைக்கிறோம். உண்மையில் அதுதான் நம்மைத் திருத்துகிறது. செய்வது கட்டாயமில்லை, ஆனால் மழை நிஜமாகப் பெய்ய வேண்டும், நான் அங்கே நிற்க வேண்டும். தொட்டியில் அந்த இரண்டும் இல்லை. பாருங்கள், நம் கட்சி கொஞ்சம் மாறிவிட்டது, கூர்மையும் ஆகிவிட்டது.

சரி, நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள்? 1993இல் தொடங்கிய சர்வதேசத் தத்துவ ஒலிம்பியாடில் பள்ளி மாணவர்கள் நான்கு மணி நேரத்தில் கட்டுரை எழுதுகிறார்கள். தலைப்போடு பொருந்துகிறதா, தத்துவப் புரிதல் உண்டா, வாதம் நம்பவைக்கிறதா, கோவையாக இருக்கிறதா, சொந்தச் சிந்தனையா என்பவைதான் அங்கே அளவுகோல்கள். மேற்கோளுக்கென்று தனி மதிப்பெண் கிடையாது.

தலைப்பை விட்டு விலகினால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோபன்ஹவரே சாட்சி. 1839இல் நார்வேயின் அறிவியல் கழகம் அவர் கட்டுரைக்குப் பரிசு தந்தது. டென்மார்க்கில் இன்னொரு போட்டிக்கு வந்ததே அவருடைய கட்டுரை ஒன்றுதான். ஆனாலும் அடுத்த ஆண்டு அதற்குப் பரிசு இல்லை என்று முடிவானது! கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்றார்கள். சமகாலத் தத்துவ அறிஞர்களை மரியாதையில்லாமல் பேசியதும் ஒரு குற்றம்.

ஆகவே முன்னுரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கட்சியை ஒரே வரியில் எழுதி, அதற்குக் கீழே உங்களை மடக்கக்கூடிய கேள்வியை எழுதுங்கள். அதற்குப் பதில் தேடும்போதுதான் கட்டுரை தொடங்குகிறது.