டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310

டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 என்பது தமிழ்நாட்டைச் சேர்ந்த டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் தயாரிக்கும் விளையாட்டு வகை மோட்டார் சைக்கிள் ஆகும். 2017 திசம்பரில் அறிமுகமான இது, பந்தயத் தள அனுபவம் சாலை வாகன வடிவமைப்பில் பயன்பட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

வரலாறு

டிவிஎஸ் நிறுவனத்தின் பந்தயப் பிரிவு 1982 முதல் இயங்கி வருகிறது. 2013 இல் இந்நிறுவனம் செருமனியின் பிஎம்டபிள்யூ மோட்டோராட் நிறுவனத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பயனாக உருவான 312.2 கன செ.மீ. ஒற்றை உருளைப் பொறியே இவ்வாகனத்திலும் பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் வாகனத்திலும் பொருத்தப்பட்டது.

பொறியும் சட்டகமும்

இப்பொறியின் உருளை பின்னோக்கிச் சாய்ந்துள்ளது. காற்று முன்புறம் நுழைந்து, புகை பின்புறம் வெளியேறுகிறது. புகைக்குழாய் பொறிக்கு முன்னால் வளைந்து செல்ல வேண்டியதில்லை என்பதால், பொறியை முன்சக்கரத்திற்கு அருகில் வைக்க முடிகிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் கையையும் நீளமாக அமைக்கலாம். இதனால் வாகனத்தின் மொத்த நீளம் கூடாமலேயே வளைவுகளில் நிலைத்தன்மை கிடைக்கிறது.

வழுக்கும் கிளட்ச்

வளைவை நெருங்கும் பந்தய வீரர் கியரை விரைவாகக் குறைப்பார். அப்போது பொறியின் எதிர்விசையால் பின்சக்கரம் துள்ளவோ வழுக்கவோ கூடும். இவ்விசை மிகும்போது தானே சற்று நழுவிக் கொடுப்பது வழுக்கும் கிளட்சின் பணி. 2019 இல் இவ்வாகனத்தில் இது சேர்க்கப்பட்டது. மழையில் நனைந்த நெடுஞ்சாலையில், திடீரென வேகத்தைக் குறைக்க நேரும் ஓட்டுநருக்கும் இது பாதுகாப்பளிக்கிறது.

சாலைக்கான மாற்றங்கள்

பந்தயத் தளத்தில் ஒரே சீரான தரை, ஒரே திசை, எதிரே வாகனம் இல்லாத நிலை ஆகியவை உறுதி. சாலையில் வேகத்தடை, மணல், குறுக்கே வரும் கால்நடை என எதுவும் எதிர்ப்படலாம். ஆகவே பந்தயத்தில் பயன்படும் அனைத்தும் சாலைக்குப் பொருந்துவதில்லை.

2020 இல் நகரம், மழை, விளையாட்டு, தளம் என நான்கு ஓட்டுமுறைகள் வழங்கப்பட்டன. விளையாட்டு, தளம் ஆகிய முறைகளில் திறன் சுமார் 34 குதிரைத்திறனாக இருக்க, நகரம், மழை ஆகியவற்றில் அது சுமார் 26 ஆகக் குறைக்கப்பட்டது. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு மழை முறையில் முன்னதாகவும், தளம் முறையில் மிகக் குறைவாகவும் குறுக்கிடுகிறது. 2021 முதல், தாழ்ந்த கைப்பிடி, உயர்ந்த கால்தாங்கி ஆகியவை கொண்ட பந்தயத் தொகுப்பு, விரும்புவோர் மட்டும் பெறும் கூடுதல் தெரிவாக அளிக்கப்பட்டது. குனிந்து அமரும் இந்நிலை பந்தயத்திற்கு உகந்தது. நீண்ட பயணத்தில் மணிக்கட்டையும் முதுகையும் வருத்தக்கூடியது.

பந்தயத் தொடர்கள்

இவ்வாகன வகை மட்டுமே பங்குபெறும் போட்டிகள், 1990 இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் நடைபெற்றுள்ளன. 2022 இல் ஆசிய அளவிலும் இத்தகைய தொடர் தொடங்கியது. 2024 இல் வெளிவந்த சாலை வாகனத்தில், வேகத்தில் முன்பகுதியைக் கீழ்நோக்கி அழுத்தும் சிறு இறக்கைகள் இடம்பெற்றன; திறனும் 38 குதிரைத்திறனாக உயர்த்தப்பட்டது.