சட்டைக் கையில் ஒரு சைன் வளைவு

புதியம்புத்தூரில் தெருவுக்குத் தெரு தையல் எந்திரம் ஓடுகிறது. சுற்றிலும் மழையை நம்பிய கரிசல் காடு; ஊருக்குள் ரெடிமேட் துணி வேலை. கட்டிங் மாஸ்டர் வெட்டிப்போடும் சட்டைக் கையை அங்கே ஒருமுறை கவனித்துப் பாருங்கள். மணிக்கட்டுப் பக்கம் நேர்கோடு. தோளோடு சேரும் பக்கமோ நடுவில் மேடாக எழும்பி, இரண்டு பக்கமும் தாழ்ந்து வளைகிறது. இந்த மேடு எதற்கு?

ஒரு மெழுகுவத்தியைத் தாளால் ஒரு சுற்றுச் சுற்றி, கத்தியைச் சாய்த்து வைத்து வெட்டுங்கள். தாளைப் பிரித்தால், ஏறி இறங்கும் ஓர் அலை கிடைக்கும். அதுதான் சைன் வளைவு. சட்டைக் கையும் ஓர் உருளை. உடம்போடு அது சாய்வாகத்தான் சேர்கிறது. அந்தச் சாய்வைத் தட்டையாக விரித்தால் மேடு வருகிறது. உடம்புக்குத் தக்கபடி தையல்காரர் அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வார். அடிப்படை வடிவம் இதுதான்.

வெட்டின் சாய்வு கூடினால் அலை எவ்வளவு உயரும்? ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு மெழுகுவத்தியை வெட்டிக்கொண்டிருக்க முடியாது. ஜியோஜீப்ரா இங்கேதான் கைகொடுக்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001-இல் தொடங்கிய கணித மென்பொருள் இது. சாய்வுக் கோணத்துக்கு ஒரு ஸ்லைடர் வைத்து இழுத்தால், அலை கண்ணெதிரே எழுகிறது. சுழியில் வெறும் நேர்கோடு. 45 பாகையில் அலையின் அடியிலிருந்து முடிவரை உள்ள உயரம் உருளையின் விட்டத்துக்குச் சரியாகச் சமம். 60 பாகையில் அது விட்டத்தைப்போல 1.73 மடங்கு. டேன் 45 ஏன் 1, டேன் 60 ஏன் 1.73 என்று மனப்பாடம் செய்த அட்டவணைக்கு இப்போது ஓர் உருவம் வந்துவிடுகிறது.

அதே வளைவு ஊருக்கு வெளியேயும் நிற்கிறது. கயத்தாறு பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளில் ஏதாவது ஓர் இறக்கையின் நுனியை மட்டும் பாருங்கள். சீராகச் சுற்றும்போது அதன் உயரம் நேரத்தோடு மாறும் விதத்தை வரைந்தால் சைன் வளைவு வரும். இறக்கைகள் மூன்று, ஒன்றுக்கொன்று 120 பாகை இடைவெளி. மூன்று வளைவுகளையும் ஒரே திரையில் போட்டு, நேரத்தை ஸ்லைடரால் நகர்த்துங்கள். ஓர் இறக்கை செங்குத்தாக மேலே நிற்கும் கணத்தில், மற்ற இரண்டின் நுனிகளும் மையத்துக்கு அரை இறக்கை நீளம் கீழே இருக்கின்றன. ஒன்றிலிருந்து அரையும் அரையும் போனால் சுழி. எந்தக் கணத்தில் நிறுத்திக் கூட்டினாலும் சுழிதான்!

மோட்டாருக்கு வரும் த்ரீ பேஸ் கரண்ட்டின் கணக்கும் இதுவே. மூன்று கம்பிகளிலும் மின்னழுத்தம் 120 பாகை தள்ளித் தள்ளி ஏறி இறங்குகிறது, நொடிக்கு 50 முறை. மூன்றிலும் சுமை சமமாக இருந்தால், திரும்பிப்போகும் நியூட்ரல் கம்பியில் ஓட வேண்டிய மின்னோட்டம் சுழி. கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தின் கணக்கை, கண்ணுக்குத் தெரியும் மூன்று இறக்கைகளை வைத்தே சொல்லித்தந்துவிடலாம்.

இயற்பியலுக்கு இப்படி அமைந்த மென்பொருள் ஃபெட். 2001-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், மறுவருடம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதிலுள்ள ஊசல் ஆய்வகத்தில் ஒரு மீட்டர் ஊசலை ஆட்டினால், ஒரு முழு அலைவுக்கு 2 நொடி. ஈர்ப்பை நிலாவுக்கு மாற்றினால் கிட்டத்தட்ட 5 நொடி. அதே திரையில், ஈர்ப்பு எவ்வளவு என்று சொல்லாத ஒரு கோளும் இருக்கிறது. அலைவு நேரத்தை அளந்து மாணவர்தான் ஈர்ப்பைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எட்டாதவை அல்ல. 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பகுதி இருக்கிறது. ஜியோஜீப்ராவுக்கான இணைப்பும் செய்முறைப் படிகளும் அதிலேயே அச்சாகியுள்ளன. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிடக் கூடாது. அசையும் படத்தை வேடிக்கை பார்ப்பதாலும் பயனில்லை. ஸ்லைடரை நகர்த்துமுன் “இப்போது அலை உயருமா, தாழுமா? எவ்வளவு?” என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தன் ஊகத்தை நோட்டில் எழுதவைக்க வேண்டும். அதன்பிறகு நகர்த்த வேண்டும். ஊகம் தவறிப்போகும் இடத்தில் “ஏன்?” என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே வரும். அந்தக் கேள்விக்கு விடையாகச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினால் ஒட்டிக்கொள்ளும். இதற்கு ஆளுக்கொரு கணினி வேண்டியதில்லை. இரண்டு மென்பொருள்களையும் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். வகுப்புக்கு ஒரு மடிக்கணினி, கேள்வி கேட்கத் தெரிந்த ஓர் ஆசிரியர்: இந்த இரண்டும் போதும்.