இடம் தேர்வதன் அரசியல்: சதுரங்க விழாவும் ஆலங்காயமும்

‘ஏங்க, இத நம்ம ஆலங்காயத்துல நடத்துனா ஆகாதா?’

2022 ஜூலையில், மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடங்கவிருந்த நேரம். டீக்கடையில் நண்பர் ஒருவர் கேட்டார். கேட்டவர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிட முடியவில்லை. எந்த ஊருக்குத் தகுதி உண்டு, எதற்குக் கிடையாது என்று யாரும் நம்மிடம் பட்டியல் கொடுக்கவில்லை. ஆனாலும் நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இப்படிச் சொல்லாமலே தெரிந்துகொள்ளப்படும் இடங்களில்தான் அதிகாரம் வேலை செய்கிறது.

முதலில் நடைமுறையைப் பார்த்துவிடுவோம். உலக அளவிலான ஒரு விளையாட்டுக் கூடுகை ஓர் அமைப்பின் உடைமை. சதுரங்கத்தில் அது ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு. ‘எங்க ஊர்ல நடத்துங்க’ என்று நகரங்கள்தான் அதன் வாசலில் போய் நிற்கின்றன. விமான நிலையம், ஓட்டல் அறைகள், பெரிய அரங்கு, தடையில்லா மின்சாரம், இணைய வசதி, வருபவர்களுக்கு விசா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பண உத்தரவாதம் - இவை கேட்கப்படுகின்றன. ஒலிம்பியாட்டில் ஓர் அணிக்கு ஐந்து ஆட்டக்காரர்கள், ஒரு தலைவர். 2022இல் பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162. ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு இரண்டு வாரம் சோறும் படுக்கையும் நடத்தும் ஊரின் பொறுப்பு. ஒரு வகையில் இது நம்மூர்க் கல்யாணம் மாதிரிதான். செலவு பெண் வீட்டாருக்கு. நிபந்தனை மாப்பிள்ளை வீட்டாருக்கு. பெண் வீட்டுக்குக் கிடைப்பது ‘நல்லா நடத்துனாங்க’ என்கிற பெயர்.

அந்தப் பெயருக்காகச் சென்னை பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை வாசலில் நின்றிருக்கிறது. 2012இல் நடந்த ஆனந்த் - கெல்ஃபண்ட் உலகப் பட்டப் போட்டியைச் சென்னை கேட்டிருந்தது. கூடுதல் தொகை சொன்ன மாஸ்கோவுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஆனந்த் - கார்ல்சன் போட்டி ஏலமே இல்லாமல் சென்னைக்குத் தரப்பட்டது. நார்வே கூட்டமைப்பு ‘முறையான ஏலம் எங்கே?’ என்று எதிர்த்தது, பாரிஸிலிருந்து மாற்று விண்ணப்பமும் வந்தது. ஆயினும் 2013 நவம்பரில் ஆட்டம் சென்னையில்தான் நடந்தது. ஜெயலலிதா அரசு ஒதுக்கிய தொகை 29 கோடி ரூபாய். 2024இல் குகேஷ் - டிங் லிரென் போட்டிக்குச் சென்னை, புது தில்லி, சிங்கப்பூர் மூன்றும் கேட்டன. தமிழக அரசு ஒரு பக்கம், அகில இந்தியக் கூட்டமைப்பு தில்லிக்காக இன்னொரு பக்கம். தேர்வானது சிங்கப்பூர். சென்னைப் பையன் உலக சாம்பியன் ஆனதைச் சென்னை தொலைக்காட்சியில் பார்த்தது.

இடையில் வந்தது 2022. அந்த ஒலிம்பியாட் ரஷ்யாவுக்கு உரியது. பிப்ரவரி 24இல் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன; மறுநாளே போட்டி அங்கு நடக்காது என ஃபிடே முடிவெடுத்தது. மார்ச் 15இல் சென்னை அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படும் விஷயம் மூன்று வாரத்துக்குள் முடிந்தது. தமிழக அரசு 92 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. மாமல்லபுரத்தின் நட்சத்திர ஓட்டலில் இருந்த அரங்கோடு இன்னொரு பெரிய அரங்கும் எழும்பியது. நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகையானது. வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ ஊரெங்கும் கைகூப்பி நின்றது. விளம்பரத்தில் யார் படம் இருக்க வேண்டும் என்பது சென்னை உயர்நீதிமன்றம்வரை போனது. குடியரசுத் தலைவர், பிரதமர் படங்களும் இடம்பெற வேண்டும் என்று தீர்ப்பானது. ஜோதி ஓட்டம் காஷ்மீர் வழியாகச் சென்றதைக் காரணம் காட்டி, வந்திறங்கிய பாகிஸ்தான் அணி தொடக்க நாளிலேயே விலகிக்கொண்டது. ‘வெறும் விளையாட்டு’ என்று ஒன்று இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இப்போது அளவுகோலுக்கு வருவோம். அறை, அரங்கு, விமானம், பணம். பார்க்க நடுநிலையானவை. ஆனால் இவை ஒரு நகரத்தின் பிறவிக் குணங்களா? ஏற்கெனவே எங்கே முதலீடு குவிக்கப்பட்டதோ அங்கேதான் இவை இருக்கும். இருக்கும் இடத்துக்கே விழா போகும், விழா போவதால் இன்னும் குவியும். ஆக, ‘தகுதி’ என்பது பழைய தேர்வுகளின் படிவு. அதுவே புதிய தேர்வுக்கு நியாயமாகவும் காட்டப்படுகிறது.

இதை நம் தோல் பகுதி நன்றாக அறியும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடப்படுகிறது, செருப்பு தைக்கப்படுகிறது. இந்தியப் பன்னாட்டுத் தோல் கண்காட்சி நடப்பதோ சென்னை நந்தம்பாக்கத்தில். வாங்குபவர் இறங்குவதும் தங்குவதும் கைகுலுக்குவதும் அங்கே. கழிவுநீர் இறங்கியது பாலாற்றில். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு இதற்குச் சாட்சி. ஒரே தொழிலுக்கு இரண்டு ஊர்கள் இடம் கொடுக்கின்றன: ஒன்று அதன் விருந்துக்கு, மற்றொன்று அதன் எச்சத்துக்கு. முதலாவதை மட்டுமே ‘நடத்தும் நகரம்’ என்கிறோம்.

அப்படியானால் ஆலங்காயத்தை யாரும் தேர்ந்தெடுத்ததே இல்லையா? தேர்ந்தெடுத்தார்கள். இங்கிருந்து ஜவ்வாது மலையேறினால் காவலூர். 1960களில் வானியலாளர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு இடம் தேடி அங்கு வந்தார். 725 மீட்டர் உயரம். நிலநடுக்கோட்டுக்கு அருகே என்பதால் தென் வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். முக்கியமாக, இரவில் வெளிச்சம் இல்லை. 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது காவலூரும் அதைப் பதிவுசெய்த இடங்களில் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. சென்னையின் கணக்கில் எது ‘இல்லாமை’யோ, அந்த இருட்டே இங்கு தகுதியாயிற்று. கேள்வி மாறினால் பதில் சொல்லும் ஊரும் மாறும். அளவுகோலை யார் எழுதுகிறார்கள் என்பதே பிரச்சினை.

அமெரிக்காவின் ‘ஜென் கான்’ கதையும் இங்கே உதவும். பலகை ஆட்டங்கள், பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்கள் ஆகியவற்றின் மிகப் பெரிய கூடுகைகளில் அது ஒன்று. 1968இல் கேரி கைகாக்ஸ் அதைத் தொடங்கியது விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், தோட்டக்கலைச் சங்க மண்டபம் ஒன்றில். வந்தவர்கள் நூறு பேர் போல. ‘ஜென்’ என்பது அந்த ஊரின் பெயர்தான். கூட்டம் பெருகப் பெருக விழா மில்வாக்கிக்கும், 2003இல் இண்டியானாபோலிஸுக்கும் போயிற்று. ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிற்றூரில் தொடங்க முடியாது என்பதல்ல. வளர்ந்ததும் சிற்றூரில் நிற்க விடுவதில்லை.

அதே ஜென் கான் இன்னொன்றையும் காட்டியது. 2015 மார்ச்சில் இண்டியானா மாநிலம் ‘மதச் சுதந்திர’ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. தன்பாலின ஈர்ப்புடையோருக்குக் கடைக்காரர்கள் சேவை மறுக்க அது வழிசெய்யும் என எதிர்ப்பு எழுந்தது. இந்தச் சட்டம் வந்தால் இங்கேயே தொடர்வதா என யோசிக்க வேண்டியிருக்கும் என்று விழா நிர்வாகம் ஆளுநருக்கு எழுதியது. பெரு நிறுவனங்களும் அழுத்தம் தந்தன. ஒரே வாரத்தில் சட்டம் திருத்தப்பட்டது, விழா அங்கேயே தங்கியது. இதைப் பார்த்து நாம் உடனே மகிழ்ந்துவிடக் கூடாது. பணம் பேசியதால் நீதி நகர்ந்தது. நாளை பணம் வேறு பக்கம் பேசலாம். ஆனாலும் ஒன்று தெளிவு: இடம் தேர்கிற தருணம் பேரம் பேசுகிற தருணமும்கூட. கையெழுத்தான பிறகு பேச எதுவும் மிஞ்சாது.

நமது தருணங்களை நாம் எப்படிச் செலவிட்டோம்? 2012, 2013, 2022, 2024 - நான்கு முறையும் ‘கிடைக்குமா, கிடைக்காதா’ என்பதே பேச்சு. கிடைத்தால் பெருமை, போனால் அவமானம். கொடுக்கப்போவது பொதுப்பணம், ஆனால் விண்ணப்பம் எழுதப்படும்போது பொதுமக்கள் அறைக்கு வெளியே. எனவே விவாதத்துக்குச் சிலவற்றை முன்வைக்கலாம். ஒன்று, அரசு தரும் உத்தரவாதத்தின் விவரம் விண்ணப்பிக்கும் முன்பே சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். இரண்டு, அரங்கு கட்டுபவர், அறை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவரின் கூலியும் வேலை நேரமும் ஒப்பந்தத்தின் பகுதியாக வேண்டும். மூன்று, செலவில் ஒரு பங்கு தலைநகருக்கு வெளியே போக வேண்டும். 2022இல் அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் போட்டிகள் நடந்தன, நல்லது. விழா முடிந்த பிறகு அந்தப் பள்ளிகளில் பலகை இருக்கிறதா, சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்பதும் கேட்கப்பட வேண்டும்.

ஆலங்காயத்தில் ஒலிம்பியாட் நடக்க வேண்டும் என்பதல்ல வாதம். இரண்டாயிரம் பேருக்கு இங்கே அறை இல்லை என்பது நிஜம். ஏன் இல்லை என்பதும், யாருடைய உழைப்பில் அங்கே இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு நிஜம். நண்பர் கேட்ட கேள்விக்குச் சிரிக்காமல் சொல்லத்தக்க பதில் இதுதான் என்று தோன்றுகிறது.