இன்சுலினைக் கேட்காத வழி

1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் புதுக்கோட்டைப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. அன்று இருபதுகளில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ‘சுகர்’ வரும் வயது. சைக்கிள் இருந்த இடத்தில் ஸ்கூட்டி நிற்கிறது. மாத்திரை தவறாமல் போடுகிறார்கள், கால்தான் மிதிப்பதில்லை. அந்த மிதிப்புக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு.

இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் தானாக நுழையாது. செல்லின் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதம்தான் அதை உள்ளே விடுகிறது. கை, கால் தசைகளிலும் இதயத்திலும் குளூட்-4 என்னும் கடத்தி முக்கியமானது. ஓய்வில் இது செல்லுக்குள் ஒடுங்கிக் கிடக்கும், இன்சுலின் அழைத்தால் மேலே வரும். குடல், இரத்தக்குழாய்களின் மென்தசையில் பெரும்பங்கு குளூட்-1 உடையது. அது இன்சுலினுக்காக அதிகம் காத்திருப்பதில்லை.

இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினின் அழைப்பு தசைக்குச் சரியாக எட்டுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரிந்தாலே, இன்சுலின் இல்லாமலும் குளூட்-4 மேலே வந்துவிடும். நோய் வந்தபின்னும் இந்த வழி பெரும்பாலும் பழுதாவதில்லை. இதயமும் குடலும் நம் சொல்லுக்கு இயங்காதவை. தொடையும் கெண்டைக்காலும் நம் வசம் உள்ளவை. அவற்றில் நெடுநேரம் சளைக்காமல் உழைக்கும் சிவப்பு நார்களில் குளூட்-4 கூடுதல். இந்தத் தசைகள் இயங்குவதால்தான் சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிட நடைக்கே சர்க்கரை இறங்குகிறது. பயிற்சியால் குளூட்-4இன் அளவும் பெருகும். விட்டால் சில நாட்களிலேயே குறையத் தொடங்கும்.

இதில் ஆபத்தும் உண்டு. இன்சுலின் ஊசியோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு உழைப்பும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், சில மணி நேரம் கழித்தும்கூட. வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். நெஞ்சுவலி இருந்தாலோ காலில் புண் இருந்தாலோ மருத்துவரைப் பார்த்த பிறகே பயிற்சி.

முப்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சர்க்கரை பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் அடக்கம். மாத்திரையை வாங்கிக்கொண்டு, கொண்டுவந்தவரை அப்படியே அனுப்பிவிடாமல், “எனக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு நேரம்?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நீரிழிவை அடியோடு குணமாக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. அப்படி ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தால் கிழித்தெறியாமல், அதையே சான்றாக வைத்து மருந்து கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.