ஆஸ்பத்திரிக் கட்டிலா... வீட்டுப் பாயா?

சென்னை பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் போயிருக்கிறீர்களா? குரோம்பேட்டை தாண்டியதும் ஒரு ஸ்டேஷன் வரும். பெயர், 'தாம்பரம் சானடோரியம்'. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்குகிற இடம். 'அதென்ன சானடோரியம்?' என்று என்றாவது யோசித்ததுண்டா?

டி.பி. எனப்படும் காசநோய் வந்தவர்களை ஊருக்கு வெளியே, நல்ல காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, ஓய்வும் சத்தான சாப்பாடும் கொடுத்துத் தேற்றும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். தாம்பரத்தில் அப்படி ஒன்றை டாக்டர் சவுரி முத்து 1928-ல் தொடங்கினார். ஸ்டேஷனின் பெயருக்குக் காரணம் அதுதான்.

இன்றைக்கு அதே நோய்க்கு டாக்டர் என்ன சொல்கிறார்? "வீட்லயே இருங்க. மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடுங்க. ஆறு மாசத்துல சரியாயிடும்" என்கிறார்.

கட்டிலிலிருந்து வீட்டுப் பாய்க்கு வைத்தியம் எப்படி வந்து சேர்ந்தது? இந்தத் துணிச்சலை டாக்டர்களுக்குக் கொடுத்தது யார்? வேறு யாருமில்லை, நம் சென்னையின் ஏழை நோயாளிகள்தான்!

சேத்துப்பட்டில் நடந்த சோதனை

1950-களில் நம் நாட்டில் டி.பி. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சானடோரியங்களில் இருந்த படுக்கைகளோ யானைப் பசிக்குச் சோளப்பொரி! 'இடம் காலியானால் கூப்பிடுகிறோம்' என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் எத்தனையோ பேர் கூப்பிடும் வரை உயிரோடு இல்லை.

இதற்குள் டி.பி.க்கு நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அப்போதுதான் சிலருக்கு ஒரு கேள்வி எழுந்தது. 'மருந்துதான் குணப்படுத்துகிறது என்றால் கட்டில் எதற்கு? வீட்டிலேயே கொடுத்தால் என்ன?'

இந்தக் கேள்விக்கு விடை தேட 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் இந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர்.

சென்னை நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை டாக்டரும் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரிதான். 'அட, உயிர் விஷயத்தில் குலுக்கலா?' என்று பதறாதீர்கள். டாக்டரே ஆளைப் பொறுக்கினால், தெம்பாக இருப்பவர்களை ஒரு பக்கமும் நலிந்தவர்களை இன்னொரு பக்கமும் அறியாமலே சேர்த்துவிடலாம். பிறகு எந்த வைத்தியம் உசத்தி என்று எப்படித் தெரியும்? குலுக்கல்தான் நியாயமான தராசு.

ஒரு பிரிவுக்கு சானடோரியம். இன்னொரு பிரிவுக்கு அவரவர் வீடு. இருவருக்கும் அதே மருந்துகள்: ஐசோநியாசிட், பி.ஏ.எஸ். காலமும் ஒன்றே, 12 மாதம்.

சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, கவனிக்க நர்ஸ். வீட்டிலோ நெருக்கடியான ஒற்றை அறை, அரை வயிற்றுக் கஞ்சி, கொஞ்சம் தேறியதுமே வேலைக்கு ஓட வேண்டிய கட்டாயம். முடிவு என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

1959-ல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டு சிகிச்சைக்குப் பின் சானடோரியத்தில் 92 சதவிகிதம் பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது. வீட்டிலிருந்தவர்களில்? 86 சதவிகிதம்! சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு உடம்பில் எடை கூடுதலாக ஏறியிருந்தது, அது உண்மை. ஆனால் கிருமியை விரட்டியது கட்டிலும் காற்றும் அல்ல, மருந்துதான் என்பது தெளிவாகிவிட்டது.

"குழந்தைங்களுக்கு ஒட்டிக்காதா?"

உங்கள் மனதில் இப்போது ஓடும் கேள்வி புரிகிறது. "வீட்ல வச்சிருந்தா மத்தவங்களுக்கு ஒட்டிக்காதா டாக்டர்?" அந்த ஆராய்ச்சியாளர்களையும் இதே கவலைதான் வாட்டியது. அதனால் நோயாளிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் அவர்கள் வீட்டாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் வைத்தியம் பார்த்ததால் குடும்பத்துக்கு ஆபத்து கூடவில்லை. காரணம் எளிது. வைத்தியம் தொடங்குவதற்கு முன்பு, 'சாதாரண இருமல்தானே' என்று இருந்துவிட்ட நாட்களில்தான் கிருமி அதிகம் பரவுகிறது. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது.

ஆக, தட்டைத் தனியாக ஒதுக்குவதும், மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் வைத்தியம் அல்ல. சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு.

மாத்திரை டப்பாவுக்குள் ஒரு வில்லன்

சரி, வீட்டு வைத்தியத்தில் சிக்கலே இல்லையா? இருக்கிறது. சானடோரியத்தில் மருந்தை நர்ஸ் கொடுப்பார். வீட்டில் நாமாகத்தானே எடுத்துச் சாப்பிட வேண்டும்? அதுவும் பி.ஏ.எஸ். மருந்தின் அளவு அதிகம், வயிற்றைப் புரட்டும். அதனால் சேத்துப்பட்டு மையத்தினர் முன்னறிவிப்பில்லாமல் வீடுகளுக்குப் போய் மீதி மருந்தை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களும் இருக்கத்தான் செய்தார்கள்!

மருந்தை விட்டால் என்ன ஆகும்? அதைப் புரிந்துகொள்ள, இன்னும் கொஞ்சம் பின்னால், பிரிட்டனுக்குப் போக வேண்டும். 1948-ல் அங்கே வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆராய்ச்சியில் மருந்து பெற்றவர்கள் 55 பேர், படுக்கை ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52 பேர். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்தார்கள். ஆஹா, மருந்து ஜெயித்துவிட்டது! ஆனால் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பிரிவிலும் பாதிக்கு மேல் இறந்திருந்தார்கள். தனி ஒரு மருந்தோடு மோதிய கிருமி, அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

அதனால்தான் டி.பி.க்கு ஒரே நேரத்தில் பல மருந்துகள். ஒன்றுக்குத் தப்பும் கிருமியை மற்றொன்று பிடித்துவிடும். இடையில் நிறுத்தினாலோ, 'இது ஒத்துக்கல' என்று ஒன்றை மட்டும் ஒதுக்கினாலோ, மிஞ்சும் கிருமிகள் பலசாலிகளாகித் திரும்பி வரலாம்.

இதற்கும் சேத்துப்பட்டில் ஒரு வழி பார்த்தார்கள். தினமும் வீட்டில் சாப்பிடுவதற்குப் பதில், வாரம் இருமுறை மையத்துக்கு வரவழைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுத்தார்கள். 1964-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில் இந்த முறையும் நல்ல பலன் தந்தது. பின்னாளில் 'டாட்ஸ்' என்று உலகெங்கும் பரவிய 'நேரில் பார்த்து மருந்து கொடுக்கும்' முறைக்கு இது ஒரு விதை. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லையா?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஜார்கண்ட் மாநிலத்தில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆராய்ச்சியின் முடிவுகள் 2023-ல் வெளிவந்தன. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொருட்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டாருக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது சுமார் 40 சதவிகிதம் குறைந்தது! முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடம் மரணமும் குறைவாக இருந்தது.

வந்த நோயை விரட்ட மருந்து, வராமல் தடுக்கப் பருப்பும் சோறும். இரண்டும் வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு என்றால்...

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் – இதில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்தும் இலவசம்.

* சாதாரண டி.பி.க்கு ஆறு மாதச் சிகிச்சை. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இருமல் குறைந்து, பசி எடுக்கும். 'குணமாயிடுச்சு' என்று மாத்திரையை நிறுத்தத் தோன்றும் ஆபத்தான நேரம் அதுதான்!

* சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது. ஆனால் கண் மஞ்சளானாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

* கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

* வீட்டில் உள்ள மற்றவர்களையும், முக்கியமாகக் குழந்தைகளைப் பரிசோதித்துவிடுங்கள். நோய் இல்லாதவர்களுக்கு வராமல் தடுக்கும் மாத்திரையும் உண்டு.

* சத்துணவுக்காக அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாகியிருக்கிறது. பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

சேத்துப்பட்டு மையத்தின் நர்சுகள் அன்று செய்த வேலையை இன்று செய்ய வேண்டியது வீட்டிலிருக்கும் நீங்கள்தான். காலண்டரில் தினமும் ஒரு 'டிக்' போடுங்கள். மாமியாரோ மகனோ, மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். ஆறு மாதம் முடிந்து டாக்டர் 'போதும்' என்று சொல்லட்டும். அதுவரை மருந்தை நிறுத்தும் அதிகாரம் நோயாளிக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை!